மேட்டூர் அணையையும் காலநிலை மாற்றத்தையும் பற்றிப் பேசுவதில் நேரும் தவறுகள்

அணை கட்டிய ஆறுகளில் காலநிலை மாற்றம் என்ன செய்கிறது என்பதைப் பேசும்போது பலரும் செய்யும் முதல் தவறு, ஆண்டு சராசரியை நம்புவது. 1934 முதல் காவிரியைத் தேக்கிவரும் மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), முழு நீர்மட்டம் 120 அடி. 2023-இல் வழக்கப்படி ஜூன் 12 அன்று பாசனத்திற்குத் திறந்த அணையை, நீர் வற்றியதால் அக்டோபரிலேயே மூட நேர்ந்தது. மறு ஆண்டு ஜூன் 12 அன்று திறக்கவே முடியவில்லை, ஆனால் ஜூலை இறுதிக்குள் அணை நிரம்பி வழிந்தது. குறுவை நெல் பருவத்திற்கு நாற்றங்கால் தயாரிக்கக் காத்திருந்த டெல்டா விவசாயிக்கு இவ்விரு ஆண்டுகளின் சராசரி எதற்கும் உதவாது. அதற்காக, இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டுவதும் பிழையே. பருவமழை என்றுமே ஒரு சீராகப் பெய்ததில்லை. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

வெள்ளம் வந்தால் மின்சாரம் பெருகும் என்பது இன்னொரு தவறான எண்ணம். மேட்டூரின் அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து விநாடிக்கு 20 ஆயிரம் கன அடிக்குச் சற்று மேல்தான் வாங்கும். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது, பெரும்பகுதி உபரிநீரை வெளியேற்றும் 16 கண் மதகு வழியாக அங்குள்ள டர்பைன்களைத் தொடாமலே போனது. நீர்மட்டம் சரிந்து நீர்த்தேக்கப் பகுதியான பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலை தலைகாட்டும் நாட்களிலோ, விழும் உயரம் குறைவதால் அதே அளவு தண்ணீர் குறைந்த மின்சாரத்தையே தருகிறது.

ஆற்றில் தண்ணீர் ஓடினாலே மீன்களுக்குப் போதும் என்று கருதுவதுதான் ஆகப் பெரிய தவறு. வெயில் ஏற ஏறத் தேக்கத்தின் மேலடுக்கு சூடாகி, அடிநீருடன் கலக்காமல் நிற்கும். அடியில் பிராணவாயு குறையும். அந்த அடிநீரைத் திறந்துவிட்டால் கீழே உள்ள மீன்களுக்கு மூச்சு முட்டும். மின்தேவைக்கேற்பத் திறப்பும் மூடலும் மாறிமாறி நடந்தால், ஆழமற்ற கரையோரத்தில் இட்ட முட்டைகள் காய்ந்துபோகும். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹசீர் மீன், மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமென 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்-இன் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீர் சூடேறும்போது ஆற்றின் மேற்பகுதியில் உள்ள குளிர்ந்த நீரை நாடிப் போவதே மீனின் இயல்பு என்றாலும், குறுக்கே அணை நிற்கும் ஆற்றில் அதற்கு வழியில்லை.