செட்லிஸ்ட் கையில் கிடைத்ததும் நாம் செய்கிற தவறுகள்

2018 மே 3, காலை ஏழு மணி. அமெரிக்காவின் டல்சா நகரில் அப்போது முதல் நாள் இரவு எட்டரை. அயர்லாந்து ராக் இசைக்குழுவான யூ2 தன் உள்ளரங்குச் சுற்றுப்பயணத்தை அங்கே தொடங்கிக்கொண்டிருந்தது. திருகோணமலையில் நான் போனைப் பிடித்தபடி, செட்லிஸ்டில், அதாவது மேடையில் வாசிக்கும் பாட்டுகளின் பட்டியலில், ஒவ்வொரு பாட்டாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் டச்சு வளைகுடாக் கடற்கரையில் நண்பர்கள் கூடினோம். எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். "'வித் ஓர் விதவுட் யூ' எங்கேயடா?" அவர்களின் பேர்போன அந்தப் பாட்டு அன்றைய பட்டியலில் இல்லை. நானும் அதையேதான் கேட்டேன். இருட்டும்வரை கோபமாகக் கதைத்தோம். அவ்வளவு நேரத்தில் ஒருவரும் 'அக்ரோபேட்' பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. 1991இல் வந்த 'அக்துங் பேபி' இசைத்தட்டில் உள்ள பாட்டு அது. 26 வருடங்களுக்கு மேலாக ஒரு மேடையிலும் வாசிக்காமல் வைத்திருந்ததை, ரசிகர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன பிறகு, அன்றைய இரவில்தான் முதன்முதலாக வாசித்தார்கள். நாங்களோ இல்லாத பாட்டைத் தேடிக்கொண்டிருந்தோம். செட்லிஸ்ட் பற்றிக் கதைக்கிறவர்கள் செய்கிற தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அடுத்தது, ஒரு சுற்றுப்பயணத்தைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்ப்பது. 'வித் ஓர் விதவுட் யூ' உள்ள 'த ஜோஷுவா ட்ரீ' இசைத்தட்டு வெளிவந்து 30 வருடம் ஆனதற்காக, 2017இல் அந்த இசைத்தட்டு முழுவதையும் பெரிய மைதானங்களில் வாசித்து முடித்திருந்தார்கள். அடுத்த வருடமே அதே பாட்டுகளைத் திரும்பத் தூக்கிவர விருப்பமில்லாமல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. 2018 சுற்றுப்பயணம் 2015இல் நடந்த உள்ளரங்குச் சுற்றுப்பயணத்தின் மறுபாதி. 2015இல் மேடைக்கு மேலே ஒற்றை மின்குமிழ் தொங்கியது நினைவிருக்கிறதா? 2018இல் நிகழ்ச்சி முடியும்போது, குழுவின் பாடகர் பொனோ தன் சிறுவயது வீட்டின் சிறிய மாதிரிக்குள்ளிருந்து அந்த மின்குமிழை வெளியே எடுக்கிறார். கடைசிப் பாட்டு மெதுவாக முடிகிறதே, ஆரவாரமாக முடித்திருக்கக் கூடாதா என்று குறைப்பட்டவர்கள் உண்டு. 2015ஐயும் சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவு ஏன் அப்படி என்று விளங்கும்.

மைதானத்தையும் உள்ளரங்கையும் ஒரே தராசில் வைப்பதும் சரியில்லை. எங்கள் மெக்கெய்சர் மைதானத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சியையும் ஒரு மண்டபத்துக்குள் நடப்பதையும் நினைத்துப் பாருங்கள். மைதானத்தில் கடைசியில் நிற்கிறவனையும் இழுக்க எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வேண்டும். பதினைந்து இருபதாயிரம் பேர் இருக்கும் உள்ளரங்கில் முகங்கள் கிட்ட இருக்கும். தெரியாத பாட்டைப் பொறுமையாகக் கேட்க வைக்கலாம். 'அக்ரோபேட்' உள்ளரங்கில் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

"பேர்ல் ஜாம் ஒவ்வொரு இரவும் பட்டியலை மாற்றுகிறார்களே, இவர்களால் ஏன் முடியாது?" அமெரிக்க ராக் குழுவான பேர்ல் ஜாமை வைத்து வரும் இந்தக் கேள்வி என் காதில் விழாத வருடம் இல்லை. இன்னொரு அமெரிக்கக் குழுவான மெட்டாலிக்காவும் 2023இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில், ஒரே நகரில் இரண்டு இரவுகள் ஒரு பாட்டையும் திரும்ப வாசிக்காமல் செய்து காட்டினார்கள். ஆனால் யூ2 நிகழ்ச்சியைக் கட்டுகிற விதமே வேறு. 2015இல் அரங்கின் நடுவே நீளமாக ஒரு திரை தொங்கியது. அதற்குள்ளே ஆள் நடக்கலாம். 'சீடர்வுட் ரோட்' பாட்டில் பொனோ அந்தத் திரைக்குள் ஏறி, வரைந்து ஓடவிட்ட தன் பழைய தெருவிலேயே நடந்து போவார். ஒளி, படம், ஆள் நிற்கும் இடம் எல்லாம் அந்தப் பாட்டோடு கட்டுப்பட்டவை. எங்கள் கோயில் திருவிழாவில் சுவாமி புறப்படும்போதுதான் மல்லாரி வாசிப்பார்கள். நல்லாயிருக்கிறது என்பதற்காக அதை ஊஞ்சலுக்கு வாசிக்கக் கேட்போமா? பட்டியல் மாறாமல் இருப்பதைச் சோம்பல் என்று எழுதுமுன் இதை யோசியுங்கள். மாற்றம்தான் வேண்டும் என்றால் பேர்ல் ஜாம் கேளுங்கள், அருமையான குழு.

குரலை மறந்துவிட்டுக் கதைப்பது எனக்கு மனவருத்தம் தருகிற தவறு. 2018 செப்டெம்பர் 1, பேர்லினில் சில பாட்டுகளுக்குள்ளேயே பொனோவின் குரல் போய்விட்டது. நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். நவம்பர் 13ஆம் திகதி திரும்ப வந்து அதே நகரில் பாடினார்கள். அப்போது அவருக்கு 58 வயது. உச்சத்தில் பாட வேண்டிய மூன்று பாட்டுகளை அடுக்கடுக்காக வைக்கச் சொல்கிறவர்கள், வீட்டில் அந்த மூன்றையும் எழுந்து நின்று ஒருமுறை பாடிப் பார்க்கட்டும். நடுவில் வரும் மெதுவான பாட்டு தொண்டைக்கும் ஓய்வு.

சின்னத் தவறுகளும் சில உண்டு. பொனோ ஒரு பாட்டின் முடிவில் வேறொரு பாட்டின் இரண்டு வரியைச் சேர்த்துப் பாடுவார். அதை முழுப் பாட்டாகக் கணக்கில் எழுதிவிட்டுப் பிறகு சண்டை பிடிக்கக் கூடாது. போனில் எடுத்த வீடியோவைக் கேட்டு ஒலி சரியில்லை என்பதும் வேண்டாம். அவ்வளவு சத்தத்துக்குப் போனின் மைக் தாங்காது, பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி முழுக்க நொறுங்கிப்போகும்.

2019 டிசம்பர் 15 மும்பை நிகழ்ச்சிக்கு எங்களில் ஒருவன், கிண்ணியாக்காரன், காசு சேர்த்துப் போனான். இந்தியாவில் யூ2 வாசித்த முதல் இரவு. நாங்கள் இங்கே பட்டியலைப் பார்த்துவிட்டு, "சிங்கப்பூரில் வாசித்ததுதானே" என்று தட்டிவிட்டோம். அந்த மேடைக்கு ஏ. ஆர். ரஹ்மான் வந்து அவர்களோடு சேர்ந்து 'அஹிம்சா' வாசித்தார். திருக்குறளோடு தொடங்குகிற பாட்டு அது. அவன் ஊர் வந்து அதைச் சொன்னபோதுதான், பட்டியலில் ஒரு வரியாகக் கிடந்ததன் பெறுமதி எங்களுக்குத் தெரிந்தது.

அவன் போவதற்கு முன் எங்களிடம் ஒன்றுதான் கேட்டான்: எந்தப் பாட்டு எப்போது வரும் என்று சொல்லிவிடாதீர்கள். நான் வாய் தவறித் தொடக்கப் பாட்டைச் சொல்லிவிட்டேன். இப்போது யாராவது டிக்கெட் வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.