போய், வந்து, திரும்பப் போன குடும்பமா? வரலாறு எழுதுறவைக்கு ஒரு வழி

எங்கட வீட்டில "வெளிநாடு போனவர்" எண்டு ஒருத்தரையும் ஒரு வசனத்தில சொல்லி முடிக்கேலாது. அப்பப்பா மலாயாவுக்குப் போய் தைப்பிங்ல ரெயில்வே கிளாக்கா இருந்து பென்ஷனோட ஊருக்கு வந்தவர், அப்பா கொழும்பில படிப்பிச்சுப்போட்டு எழுபதுகள்ல சாம்பியா போய் கொன்ட்ராக்ட் முடிய வந்து கொழும்பு வெள்ளவத்தையில இருக்கேக்க 83 கலவரம் வந்தது, பிறகு சித்தப்பாமார் கனடா, மாமி லண்டன், இஞ்ச மிச்சம் நான். இதை எழுதி வைப்பம் எண்டு வெளிக்கிட்டு மூண்டு வருஷமாச்சு. உங்கட வீடும் இப்பிடியெண்டா நான் விட்ட பிழையளை நீங்கள் விடாமல் இருக்கத்தான் இது.

முதல்ல, மரம் கீறாதேங்கோ. எல்லாரும் வம்ச மரத்திலதான் தொடங்குறது, ஆனா மரத்தில ஆர் ஆற்ற பிள்ளை எண்டது மட்டும்தான் தெரியும், எந்தப் பிள்ளை எந்த ஊரில ஏன் பிறந்தது எண்டு தெரியாது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பயண டேபிள் போடுங்கோ: போன வருஷம், போன இடம், ஆரோட, வந்த வருஷம், ஏன் வந்தது, அவ்வளவுதான். போட்டுப் பாத்தா ஒண்டு விளங்கும், போன கதை எல்லாருக்கும் பாடம், வந்த கதை ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா கடுதாசி எல்லாம் வந்த நேரத்திலதான் பிறந்திருக்கு. ஊருக்கு வந்தவர் காணி வாங்குவார், வீடு கட்டுவார், கலியாணம் முடிப்பார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேப்பார். அதால திரும்பி வந்த வருஷம்தான் திறப்பு, அதைத்தான் முதல்ல தேடவேணும்.

எங்க தேடுறது? காணி உறுதியில. சீதன உறுதி, நன்கொடை உறுதி, அறுதி உறுதி எல்லாத்தையும் அல்மாரியால இறக்குங்கோ. அந்த நொத்தாரிசுத் தமிழ் வாசிக்கத் தலையிடிதான், ஆனா ஆற்ற மகன், மனுசி ஆற்ற மகள், காணி முதுசமா (பரம்பரைச் சொத்து) சீதனமா தேடியதேட்டமா (கலியாணத்துக்குப் பிறகு தேடினது) எண்டு, யாழ்ப்பாணத் தமிழரின்ர சொத்துச் சட்டமான தேசவழமைக்காக எல்லாத்தையும் விலாவாரியா எழுதியிருப்பினம். மலாயாவில இருந்துகொண்டு ஊரில காணி வாங்கினவை சொந்தக்காரர் ஒராளுக்கு அட்டோணித் தத்துவம் குடுத்துத்தான் வாங்கினவை, அதுவும் உறுதியில வரும். எங்கட உறுதி ஒண்டில 1926ல அப்பப்பா தானே நேர கையொப்பம் வச்சிருக்கிறார்! அவர் பென்ஷனோடதான் ஒரேயடியா வந்தவர் எண்டு நாங்கள் எல்லாரும் நினைச்சுக்கொண்டிருந்தம், இடையில லீவில வந்து போனது ஒருத்தருக்கும் தெரியாது, அடுத்த வருஷம் பெரியப்பா பிறந்ததும் அப்பதான் கணக்குக்கு வந்தது. உறுதி கையில இல்லாட்டி, பதிவு நம்பரோ காணிப் பெயரோ தெரிஞ்சா காணி கந்தோரில கேட்டுப் பாக்கலாம்.

பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பாத்து "இஞ்ச பிறந்தவர், அப்ப குடும்பம் இஞ்சதான் இருந்தது" எண்டு முடிவெடுக்காதேங்கோ. பிள்ளைப்பேறுக்குத் தாய் வீட்டுக்கு வந்து போறது அந்த நாளில வழக்கம். சிங்கப்பூரின்ர முதல் வெளிநாட்டு மந்திரி எஸ். ராஜரத்தினம் 1915ல யாழ்ப்பாணத்தில பிறந்தவர்தான், வளந்தது மலாயாவில. பத்திரத்தில தகப்பன்ர தொழிலையும் அறிவிச்ச ஆளின்ர பெயரையும் பாருங்கோ, தகப்பன் அறிவிக்காமல் மாமன் அறிவிச்சிருந்தா தகப்பன் ஊரில இல்லாமல் இருந்திருக்கலாம். (இருந்திருக்கலாம் எண்டுதான் சொல்லுறன், சத்தியம் பண்ணேல்ல.)

பிறகு கல்வெட்டு. செத்தவீட்டுக்குப் பிறகு வாற அந்தியேட்டிக் கிரியைக்கு அடிச்சுக் குடுக்கிற அந்த நினைவுப் புத்தகத்தைத் தேவாரத்துக்காக வச்சிருக்கிற வீடுகள்தான் கூட, ஆனா வம்ச விபரம் அதுக்குள்ளதான் கிடக்கு, ஆர் ஆர் எந்த நாட்டில எண்டதும் மருமக்கள்ற பெயரும் சேத்து. உங்களிட்ட இல்லாட்டி நூலகம் எண்ட இணைய நூலகத்தில நினைவு மலர்கள் நிறைய ஏத்தியிருக்கினம், ஊர்ப் பெயர் போட்டுத் தேடுங்கோ. கல்வெட்டில செத்த திதியைச் சொல்லுற பாட்டான திதி வெண்பாவில செத்த வருஷம் தமிழ்ப் பெயரில இருக்கும், அதில கவனம், அறுபது வருஷத்துக்கு ஒருக்கா அதே பெயர் வரும். பிரமோதூத எண்டா சித்திரை 1930ல தொடங்கின வருஷமா 1990ல தொடங்கினதா எண்டு நீங்கள்தான் மட்டுக்கட்டவேணும். சாதகக் குறிப்பும் அப்பிடித்தான், ஆனா பள்ளிக்கூடத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வயசைக் கூட்டிக் குறைச்ச ஆக்களுக்கு பாஸ்போர்ட்டை விட நான் சாதகத்தைத்தான் நம்புவன்.

மலாயாப் பக்கத்துக்கு வீட்டில இருந்தே தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின்ர நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா ட்ரிபியூன் மாதிரி பழைய பேப்பருகள் இருக்கு. இன்ன கிளாக் லீவில சிலோனுக்குப் போறார், இன்னாருக்கு ஸ்டேஷன் மாஸ்டர்மார் பிரியாவிடை வச்சவை எண்டெல்லாம் போட்டிருப்பினம். பிரச்சினை பெயர்தான். இங்கிலீஷில கந்தையாவைக் கே போட்டும் எழுதியிருப்பினம் சீ போட்டும் எழுதியிருப்பினம், சின்னத்தம்பி எஸ் (S) போட்டும் வருவார் சீஎச் (Ch) போட்டும் வருவார், பிள்ளை ஒட்டியும் வரும் பிரிஞ்சும் வரும். நான் ரெண்டு மாசம் ஒரு ஆளைத் துரத்தி ஈப்போ, சிரம்பான் எல்லாம் சுத்தி கடைசியில அது அதே பெயரில வேற ஒரு ஐயா. இனிஷியலும் ஊரும் உத்தியோகமும் மூண்டும் பொருந்தாட்டி விட்டிடுங்கோ.

கொழும்பில இருக்கிறவை தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒருக்காப் போகலாம், கொழும்பு 7ல பிலிப் குணவர்தன மாவத்தையில, பழைய ஆக்களுக்கு ரீட் அவெனியூ எண்டாத்தான் விளங்கும். பழைய கசெட் (அரச வர்த்தமானி), புளூ புக் (அரசாங்கத்தின்ர வருஷாந்தப் புள்ளிவிபரப் புத்தகம்), பெர்குசன் டிரெக்டரி (பழைய சிலோன் விபரக்கொத்து), பேப்பருகள் பாக்கலாம், அரசாங்க உத்தியோகத்தில இருந்தவைக்கு அது நல்லம். ஐடென்டிட்டி கார்டைக் கொண்டு போங்கோ, வருஷத்தை முதலே முடிவெடுத்துக்கொண்டு போங்கோ, சும்மா "தாத்தாவைத் தேடுறன்" எண்டு போனா பின்னேரம் வெறுங்கையோடதான் வரவேணும். ஐம்பதுகள்ல கப்பலில லண்டன் போனவை எண்டா பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின்ர பயணிகள் லிஸ்டில இருப்பினம், அது 1960 வரைக்கும்தான். கனடாவில 2002 நடுப்பகுதிக்கு முன்னம் நிரந்தர வதிவிடம் கிடைச்சவைக்கு ஐஎம்எம் 1000 எண்டொரு தாள் குடுத்தவை, அது கிடைச்ச திகதி அதில இருக்கு, சித்தப்பாமார் அதைத் துலைச்சிருக்க மாட்டினம்.

இனி ஆக்களிட்டக் கேக்கிறது. உண்மையில இதைத்தான் முதல்ல செய்யவேணும், கடுதாசி ஓடாது, ஆக்கள் போயிடுவினம். "எந்த வருஷம்?" எண்டு கேக்காதேங்கோ, அம்மம்மாமார் வருஷம் சொல்ல மாட்டினம், சொன்னாலும் பிழை. கொழும்பில ஜப்பான்காரன் குண்டு போட முன்னமோ பிறகோ, 58 கலவரத்துக்கு எந்த வீட்டில இருந்தனீங்கள், எழுபதுகள்ல பாணுக்குக் கியூவில நிண்ட காலத்தில அவர் இஞ்சயோ சாம்பியாவிலயோ, வரேக்க தம்பி வயித்திலயோ கையிலயோ எண்டு கேளுங்கோ, மளமளவெண்டு வரும். வெளியில இருந்து வாற சொந்தக்காரர் ஓகஸ்டில நல்லூர்த் திருவிழாவுக்குப் போக முன்னம் வெள்ளவத்தையில ரெண்டு நாள் நிப்பினம், அந்த ரெண்டு நாளைப் பிடியுங்கோ, ஊருக்குப் போனாப் பிறகு கோயில், விருந்து, காணிச் சண்டை எண்டு ஆள் அம்பிடாது. போட்டோ அல்பத்தைக் கதிரையில வச்சிட்டு போனில ரெக்கோர்டிங்கைப் போட்டிட்டு (அவையிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போடவேணும்) பேசாமல் இருங்கோ.

83க்குப் பிறகு போன கதை வேற மாதிரி. வேற பெயரில போனவை, நாலு நாடு மாறிப் போனவை, அகதிக் கேஸுக்குச் சொன்ன திகதி ஒண்டு உண்மைத் திகதி ஒண்டு எண்டு இருக்கிறவை, அதெல்லாம் அவையின்ர சொத்து. அவை சொல்லாமல் எழுதாதேங்கோ, சொன்னாலும் வட்ஸ்அப் குரூப்பில போடாதேங்கோ. என்ர டேபிளில ஒரு மாமாவுக்கு "1986, ஜெர்மனி" எண்டு மட்டும் இருக்கு, இடையில எங்க நிண்டவர் எண்டு அவர் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல.

எழுதி முடிய பென் டிரைவை மட்டும் நம்பாமல் பிரிண்டும் எடுங்கோ. 83ல எங்கட வீட்டு ட்ரங்குப் பெட்டியோட அப்பப்பாவின்ர பென்ஷன் புத்தகமும் மலாயா போட்டோவும் எரிஞ்சு போச்சு, தப்பினது மாமி லண்டனுக்குக் கொண்டுபோன மூண்டு போட்டோதான். அதால இந்த முறை ஒண்டு டொரொண்டோவில, ஒண்டு மாமியிட்ட, ஒண்டு இஞ்ச. டொரொண்டோக் கொப்பி இன்னும் மேசையிலதான் கிடக்கு, வாற ஓகஸ்ட் ஆரேன் வந்தா குடுத்து விடவேணும்.