மார்செல்லஸ் ஷேல் வாயுவுக்குக் குழாய்வழி போதுமா என்று கணிக்கும் முறை

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் பாறைப் படிவிலிருந்து கிடைக்கும் ஷேல் வாயுவுக்கு (களிப்பாறையில் அடைபட்ட இயற்கை வாயுவுக்கு)க் குழாய்வழி போதுமா என்பதை அறிய, முதலில் உள்ளூர்ச் சந்தை விலையை அமெரிக்க இயற்கை வாயு விலைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் லூசியானாவின் ஹென்றி ஹப் என்னும் குழாய்ச் சந்திப்பு மையத்து விலையோடு ஒப்பிடுங்கள். உள்ளூர் விலை குறைவாக இருந்து, இந்த வேறுபாடு வாயுவைக் கொண்டுசெல்லும் கட்டணத்தைவிட நெடுநாள் மிகுந்திருந்தால், உற்பத்தியாகும் வாயுவை வெளியே அனுப்பக் குழாய்களில் இடமில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

அடுத்து, குழாய் நிறுவனங்கள் நாள்தோறும் வெளியிடும் அறிவிப்புகளில் மொத்தக் கொள்ளளவு, அன்று அனுப்புவதற்குப் பதிவான அளவு, மீதிக் கொள்ளளவு ஆகிய மூன்றையும் பாருங்கள். பராமரிப்புக்காக வாயுவை அழுத்திக் குழாயில் தள்ளும் ஒரே ஒரு அழுத்த நிலையம் நிறுத்தப்பட்டாலும் மீதி சுருங்கிவிடும் என்பதால், ஒரு நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

பலர் பார்க்கத் தவறுவதும், நான் மிக முக்கியமாகக் கருதுவதும் ஓட்டத்தின் திசையே. மேற்கிலுள்ள ராக்கி மலைப் பகுதியின் வாயுவைக் கிழக்கே ஒஹையோவுக்குக் கொண்டுவர 2009இல் முடிக்கப்பட்ட ராக்கீஸ் எக்ஸ்பிரஸ் குழாய், அங்கே ஷேல் வாயு பெருகியதால், சில ஆண்டுகளிலேயே மேற்கு நோக்கியும் வாயுவைச் செலுத்தத் தொடங்கியது.