மேப்பைப் பார்த்தே மலை எது, பள்ளத்தாக்கு எதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

மலைன்னா உசரம், பள்ளத்தாக்குன்னா பள்ளம், இதுல கத்துக்க என்ன இருக்குன்னு தோணும். ஆனா வெறும் உயரத்தை வச்சு சொல்லவே முடியாதுங்க. ஊட்டி ரயில்வே ஸ்டேஷன் 2203 மீட்டர்ல இருக்கு, ஆனாலும் அது சுத்தி மலை நிக்கிற ஒரு பள்ளமான இடம்தான். திருவண்ணாமலை 800 மீட்டர் சொச்சம்தான், ஆனா அதை மலை இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா? பக்கத்து நிலத்தோட சேர்த்துப் பார்க்கணும், முக்கியமா தண்ணி என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். மலையில விழுற மழை நாலா பக்கமும் பிரிஞ்சு ஓடும், பள்ளத்தாக்குல எல்லாப் பக்கத்து தண்ணியும் வந்து சேரும்.

ஸ்டெப் 1: ஓப்பன்டோப்போமேப் சைட்ல தொட்டபெட்டாவைத் தேடி நல்லா ஜூம் பண்ணுங்க. வளைஞ்சு வளைஞ்சு போற மெல்லிசான கோடுங்கதான் சம உயரக் கோடு, ஒரே கோட்டு மேல நீங்க எவ்ளோ தூரம் நடந்தாலும் ஏறவும் மாட்டீங்க, இறங்கவும் மாட்டீங்க. அரசோட மேப் போடுற அமைப்பான சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 அளவு மேப் ஷீட் கிடைச்சா இன்னும் நல்லது. அதுல பொதுவா கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் வித்தியாசம் இருக்கும், அஞ்சாவது கோடு கொஞ்சம் தடிமனா இருக்கும்.

ஸ்டெப் 2: வளையத்துக்குள்ள வளையமா போகுதா, உள்ள போகப் போக கோட்டு மேல போட்டிருக்கிற உயர நம்பர் கூடுதா? அது மலை உச்சி. தொட்டபெட்டாவுல அது 2637 மீட்டர்ல போய் முடியும்.

ஸ்டெப் 3: இதுலதான் புதுசா பார்க்கிறவங்க எல்லாரும் குழம்புவாங்க, அதனால நிதானமா பாருங்க. கோடுங்க பல இடத்துல ஆங்கில வி எழுத்து மாதிரி மடங்கும். அந்த வி-யோட கூர்முனை உயரமான பக்கத்தைக் காட்டினா பள்ளத்தாக்கு, தாழ்வான பக்கத்தைக் காட்டினா மலையில இருந்து நீட்டிக்கிட்டு இறங்குற முகடு. குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்குற குன்னூர் ஆத்தைப் பாருங்க, ஆத்தைக் காட்டுற நீல நிறக் கோட்டை வெட்டுற ஒவ்வொரு சம உயரக் கோடும் குன்னூர் பக்கமா, அதாவது ஆறு வர்ற பக்கமா மடங்கி நிக்கும். ஆறு பாறையை அரிச்சு அரிச்சு உள்ள போயிருக்கு, அதான் காரணம். மலை ரயிலும் இந்தப் பள்ளத்தாக்கைப் பிடிச்சுத்தான் சுமார் 325 மீட்டர்ல இருந்து மேல ஏறுது.

புரியலைன்னா கையை மடக்கி டேபிள்ல வச்சு, விரல் முட்டிங்க மேல பேனாவால ஒரே உயரத்துல சுத்தி சுத்தி கோடு போடுங்க, அப்புறம் கையை விரிச்சுப் பாருங்க. முட்டியைச் சுத்தி வளையம், ரெண்டு முட்டிக்கு நடுவுல உள்வாங்கின மடிப்பு, மேப்ல இருக்கிறது அப்படியே கையில இருக்கும்.

ஸ்டெப் 4: கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா சரிவு கம்மி. அவ்ளோதான்.

ஸ்டெப் 5: ஒரு பேப்பர் துண்டை பள்ளத்தாக்குக்கு குறுக்கே வச்சு, கோடு வெட்டுற இடமெல்லாம் மார்க் பண்ணி, உயரத்தை கிராஃப்ல போடுங்க. ஆறு அரிச்ச பள்ளத்தாக்கு பெரும்பாலும் வி ஷேப்ல வரும், இமயமலையில பனியாறு அரிச்சது யு ஷேப்ல அடி அகலமா வரும். ஒரு விஷயம் கவனிங்க, 1:50,000-ல 1 செ.மீ.ன்னா 500 மீட்டர். நீங்க உயரத்துக்கு 1 செ.மீ.க்கு 100 மீட்டர்னு போட்டா சரிவு அஞ்சு மடங்கு செங்குத்தா தெரியும், அதை உண்மைன்னு நம்பிடாதீங்க.

ஸ்டெப் 6: நேர்ல போய் சரிபாருங்க. நீலகிரி மேல்மட்டத்துல மேடெல்லாம் புல்லா இருக்கும், மடிப்புல மட்டும் சோலைக்காடு அடர்ந்து நிக்கும், ஏன்னா தண்ணியும் மண்ணும் அங்கதான் சேருது. எனக்கு ரொம்பப் பிடிச்ச அடையாளம் இதுதான்.

இது கைவந்ததும் கம்பம் பக்கம் போங்க. ஒரு பக்கம் மேகமலை, எதிர்ப்பக்கம் கேரளா பார்டர் மலை, நடுவுல முல்லையாறு. குன்னூர் மாதிரி இடுக்கா இல்லாம, கோடே அவ்வளவா இல்லாத தரை எவ்ளோ அகலம்னு அளந்து பாருங்க, அந்த அகலத்துலதான் கம்பத்து திராட்சையும் நெல்லும் விளையுது.