மலையில் மூன்று மாடு வளர்க்க எவ்வளவு நிலம் வேண்டும்?

கொடைக்கானல் மேல்மலையில் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் மாடு வாங்க நினைத்ததும் முதலில் கேட்பது, ஏக்கருக்கு எத்தனை மாடு என்றுதான். ஜனவரியில் என்ன போடுவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். மழைக்காலத்தில் வரப்பெல்லாம் புல், ஐந்து மாடுகூடத் தாங்கும். ஆனால் உறைபனி விழ ஆரம்பித்தால் மார்ச் வரை புல் வளராமல் நின்றுவிடும், அந்த மாதங்களில் எத்தனை மாட்டுக்கு வயிறு நிறைக்க முடியுமோ அத்தனைதான் உங்கள் நிலத்துக்குக் கணக்கு.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருடம் 60 சென்ட்டில் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லைப் போட்டேன், அக்டோபரில் ஆள் உயரம் நின்றது. உறைபனி விழுந்த ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரி துவண்டு கிடக்கிறது, வெயில் ஏற ஏறக் கருகிவிட்டது. அந்த மாதமே நான்கு மாட்டில் சினையாக இருந்த ஒன்றை வந்த விலைக்குக் கொடுத்தேன், இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். மாட்டின் எடை தெரிய வேண்டுமா? முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளந்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கில் வரும். சுற்றளவு 64, நீளம் 56 என்றால் சுமார் 350 கிலோ, நம் பக்கத்து ஜெர்சி கலப்பு மாடு அவ்வளவு இருக்கும். அதற்குத் தினமும் 25 கிலோ பசும்புல், 4 கிலோ வைக்கோல், உடம்பைத் தாங்க ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம், அப்புறம் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ கூடுதலாக.

மூன்று மாட்டுக்கு வருடத்துக்குச் சுமார் 27 டன் பசும்புல் வேண்டும். சமவெளியில் நல்ல தண்ணீரில் ஒரு ஏக்கர் நேப்பியர் 150 டன்கூடத் தரும் என்பார்கள், அதை இந்தக் குளிருக்குக் கொண்டுவராதீர்கள். நான் அதில் ஒரு சிறு பங்குக்கு மேல் நம்புவதில்லை. அதனால் மூன்று மாட்டுக்கு ஒன்றரை ஏக்கர் தீவனத்துக்கே ஒதுக்குங்கள், ஒரு ஏக்கர்தான் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். வைக்கோல் கீழேயிருந்துதான் லாரியில் வரவேண்டும், மூன்று மாட்டுக்கு வருடம் நான்கரை டன், அறுவடை சமயத்திலேயே வாங்கி நனையாமல் அடுக்கிவிடுங்கள்.

பனிக்காலத்துக்கு ஊறுகாய்ப்புல்தான் வழி, அதாவது பசும்புல்லைக் குழியில் காற்றுப்படாமல் அடைத்துப் புளிக்கவைப்பது, ஏனென்றால் இந்த மூடுபனியில் புல்லைக் காயவைத்து எடுப்பது நடக்காத காரியம். 100 நாளுக்கு ஏழரை டன் தேவை, 10 அடிக்கு 8 அடி, 6 அடி ஆழத்தில் ஒரு குழி போதும். புல்லை அரைநாள் வாடவிட்டு, ஒரு அங்குலமாக நறுக்கி, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லம் கரைத்துத் தெளித்து மிதித்து மிதித்து அடைக்கவேண்டும், உள்ளே காற்று தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். தார்ப்பாய் போட்டு மண் ஏற்றி, 45 நாள் தொடாதீர்கள். உருளைக்கிழங்கு எடுத்த பாத்தியில் தீவன ஓட்ஸ் விதைத்தால் குளிரிலும் வரும்.

முட்டைக்கோஸ் இலை சும்மா கிடைக்கிறதே என்று கூடை கூடையாகப் போட்டால் வயிறு உப்பிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக வைக்கோலோடு கலந்து கொடுங்கள், மருந்து அடித்த தோட்டத்து இலை வேண்டவே வேண்டாம். பச்சை ஏறிய, முளைவிட்ட உருளைக்கிழங்கு விஷம். பெரணிச் செடியை நாள்பட மேய்ந்த மாட்டுக்கு மூத்திரத்தில் ரத்தம் போகும், மேய்ச்சலில் இருந்தால் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

நேப்பியர் போடுபவர்கள் வேலியையும் சேர்த்துப் பாருங்கள். காட்டுமாடு ஒரே ராத்திரியில் ஒரு பாத்தியை முடித்துவிடும், அதனால் தீவனப் பாத்தியை வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்வது நல்லது.