ஆண்டிறுதியில் தமிழாசிரியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நான்காம் தவணை 2025ஆம் ஆண்டில் செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கி நவம்பர் 21ஆம் தேதி முடிந்தது. நாட்காட்டியில் பத்து வாரங்கள் இருந்தாலும், தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு அவ்வளவும் கைக்கு வருவதில்லை. பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் எழுத்துத் தாள்கள், அக்டோபரின் முதல் வெள்ளிக்கிழமை வரும் குழந்தைகள் தினம், பிஎஸ்எல்இ விடைத்தாள் திருத்தும் நாள்கள், மற்ற நிலைகளுக்கான ஆண்டிறுதித் தேர்வு, தீபாவளி என ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். நேரம் போதாததால்தான் தவறு நேர்கிறது என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் சொல்வோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் வைப்பது என்பதை யோசிக்காமல் இறங்குவதால் விளையும் தவறுகளே அதிகம் என்பது என் கருத்து.

திருத்தும் பணியையே எடுத்துக்கொள்வோம். பிஎஸ்எல்இ அமைப்பைப் பின்பற்றும் தொடக்கநிலை 5 தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு 40, இரண்டாம் தாளுக்கு 90, வாய்மொழிக்கு 50, கேட்டல் கருத்தறிதலுக்கு 20 என மொத்தம் 200 மதிப்பெண்கள். ஒரு மாணவரின் விடைத்தாளை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை திருத்திவிட்டு அடுத்தவர் தாளுக்குப் போவது பலரின் வழக்கம். கருத்தறிதல் வினாவில் ஒரு மாணவருக்குக் கொடுத்த அரை மதிப்பெண், அதே விடையை எழுதிய இருபதாவது மாணவருக்கு மறுக்கப்படுவது இந்த வழக்கத்தால்தான். ஒரே வினாவை எல்லாத் தாள்களிலும் திருத்தி முடித்த பிறகு அடுத்த வினாவுக்குச் சென்றால் அளவுகோல் மாறாது. வேகமும் தானாகவே கூடும். கட்டுரைத் தாள்களை இரவு பத்து மணிக்கு மேல் தொடவே கூடாது. அழகான கையெழுத்துக்கு அப்போது கூடுதல் மதிப்பெண் போய்விடும். லகர ளகர மயக்கம் நிறைந்த கட்டுரையில் நல்ல கருத்தோட்டம் இருந்தாலும், களைத்த கண்ணுக்குப் பிழை மட்டுமே தெரியும். முதலில் திருத்திய ஐந்து கட்டுரைகளைக் கடைசியில் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. தொடக்கத்தில் கண்டிப்பாகவும் போகப்போகத் தாராளமாகவும் நடந்துகொள்வது மனித இயல்பு.

மதிப்பெண்ணைப் பதிவு செய்யும் இடத்தில் தமிழாசிரியருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. நம் தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் நான்கைந்து வகுப்புகளிலிருந்து வருபவர்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வகுப்பில் ஒரு வரிசை எண், நம் தமிழ் வகுப்பில் வேறோர் எண். தேர்வன்று மருத்துவச் சான்றிதழ் தந்து வராமல் இருந்த ஒரு பிள்ளையின் வரிசையை எக்செல் அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டு, மதிப்பெண் பத்தியை மட்டும் நகலெடுத்து முழுப் பட்டியலில் ஒட்டினால், அந்தப் பிள்ளைக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் அடுத்தவருடைய மதிப்பெண் போய்ச் சேரும். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்து, தந்தையின் பெயர் மட்டுமே அவர்களை வேறுபடுத்தும் நிலையும் அரிதன்று. வராத பிள்ளையின் வரிசையை வெறுமையாகவே விட்டுவைக்க வேண்டும். பதிவு முடிந்ததும் சக ஆசிரியர் ஒருவர் விடைத்தாளிலிருந்து பெயரையும் மதிப்பெண்ணையும் வாய்விட்டு வாசிக்க, நாம் திரையில் சரிபார்க்க வேண்டும். அரை மணி நேர வேலைதான். இதைத் தவிர்த்துவிட்டு, பின்னர் ஒரு வகுப்பாசிரியரிடம் போய் அறிக்கையைத் திருத்தித் தரும்படி கேட்பது எவ்வளவு சங்கடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விடைத்தாளைத் திருப்பித் தரும்போது கூடுதல் மதிப்பெண்ணிலிருந்து குறைந்த மதிப்பெண் வரை வரிசையாகப் பெயர் சொல்லி அழைப்பது இன்னும் சில வகுப்பறைகளில் நடக்கிறது. வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற தகவலைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டிலேயே மாணவர் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டது. தாளில் நீக்கப்பட்டதை நாம் வாயால் திரும்பக் கொண்டுவருவதில் பொருளில்லை. அதே பாடவேளையில் எல்லா விடைகளையும் விளக்கி முடித்துவிட நினைப்பதும் வீண். மதிப்பெண்ணைப் பார்த்த பிள்ளை முதல் பத்து நிமிடம் கூட்டல் சரியா என்று மட்டுமே பார்க்கும். அதற்கு இடம் கொடுத்துவிட்டு, வகுப்பில் பலர் தடுமாறிய இரண்டு மூன்று வினாக்களை மட்டும் எடுத்துப் பேசினால் போதும்.

பெற்றோரிடம் பேசுவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும், அதிலும் தொடக்கநிலை 4இன் முடிவில். அடுத்த ஆண்டு ஒவ்வொரு பாடத்தையும் பொதுநிலையில் படிக்கலாமா, அதைவிட எளிதான அடிப்படை நிலையில் படிக்கலாமா என்று பள்ளி அப்போது பரிந்துரைக்கும், முடிவெடுப்பவர் பெற்றோர். அடிப்படைத் தமிழுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பிள்ளையின் தாயார் தொலைபேசியில் கலங்கிப் பேசும்போது, “கவலைப்படாதீங்கம்மா, கொஞ்சம் முயற்சி செஞ்சா எல்லாம் சரியாகிடும்” என்று சொல்லி வைத்துவிடுவது எளிது. அந்த ஆறுதலால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அவருக்குத் தேவை கணக்கு. பிஎஸ்எல்இயில் பொதுநிலைப் பாடத்தில் நூற்றுக்கு 45 முதல் 64 வரை எடுத்தால் அடைவுநிலை 6 கிடைக்கும் (1 மிகச் சிறந்த நிலை, 8 கடைசி நிலை). அடிப்படை நிலையில் 75 அல்லது அதற்கு மேல் எடுத்தாலும் அதே அடைவுநிலை 6ஆகத்தான் கணக்கிடப்படும், அதைவிடச் சிறந்த நிலை கிடைக்காது; 30 முதல் 74 வரை எடுத்தால் அடைவுநிலை 7. பொதுநிலையில் 50ஐ ஓரளவு உறுதியாக எட்டக்கூடிய பிள்ளையை அடிப்படை நிலைக்கு மாற்றுவதால் மதிப்பெண் வகையில் ஆதாயம் இல்லை. வாசிப்பே இன்னும் கைகூடாமல் ஒவ்வொரு தேர்விலும் 30ஐச் சுற்றியே நிற்கும் பிள்ளைக்கோ, அடிப்படைத் தமிழ் மூச்சுவிட இடம் தரும். இரண்டையும் எடுத்துச் சொல்லிவிட்டு, பிள்ளையின் பயிற்சிநூலையும் முன்னால் விரித்து வைத்தால், பெற்றோரே நிதானமாக முடிவெடுப்பார்கள். பரிந்துரைப் படிவம் வீட்டுக்குப் போவதற்கு முன்பே இந்தப் பேச்சு நடக்க வேண்டும். படிவத்தைப் பார்த்து அதிர்ந்த பிறகு சொல்லும் விளக்கம் சமாதானமாகவே ஒலிக்கும்.

இரவு பதினொரு மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்கு உடனே பதில் எழுதுவதும் தவிர்க்க வேண்டியதே. அவசரமில்லாத பணிச் செய்திகளுக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் ஆசிரியர் பதிலளிக்கத் தேவையில்லை என்று கல்வி அமைச்சு 2024இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தமிழ்ச் சமூகத்தில் ஆசிரியரும் பெற்றோரும் கோயிலிலும் தேக்கா சந்தையிலும் எதிரெதிரே சந்திப்பவர்கள் என்பதால் மறுப்பது கடினம் என்பதை நான் அறிவேன். ஆயினும் ஒருவருக்கு இரவில் பதில் அனுப்பினால், மற்ற பெற்றோரும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

தீபாவளிக் கொண்டாட்டம் பள்ளியில் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லவே வேண்டாம். 2025இல் அக்டோபர் 20ஆம் தேதி தீபாவளி; அதாவது திருத்தும் பணி உச்சத்தில் இருந்த வேளை. கோலம், மாணவர் கூட்டத்தில் உரை, நடனம் எல்லாவற்றையும் தேர்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் தமிழ்ப் பிரிவு அந்த வாரம் உறங்காது. ஆகஸ்டிலேயே நிகழ்ச்சியை வரையறுத்து, சீன, மலாய் ஆசிரியர்களிடமும் பொறுப்பைப் பகிர்ந்துவிட வேண்டும். அவர்களுடைய பண்டிகைக்கு நாம் தோள் கொடுத்திருந்தால் கேட்பதில் கூச்சமும் இருக்காது.

தேர்வுக்குப் பின் வரும் பாடவேளைகள் எல்லாவற்றிலும் படம் போட்டுக் காட்டுவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு நாள் போதும்.

அடுத்த ஆண்டு ஆசிரியரிடம் வகுப்பை ஒப்படைக்கும் குறிப்பு பெரும்பாலும் நவம்பரின் கடைசி நாள்களில், அலமாரியைக் காலி செய்துகொண்டே எழுதப்படுகிறது. அதனால்தான் “சுமார்”, “கவனம் தேவை”, “பேச்சு அதிகம்” என்ற சொற்களைத் தாண்டி அதில் ஒன்றும் இருப்பதில்லை. இந்தப் பிள்ளை உரக்க வாசிக்கும்போது எங்கே நிற்கிறது, வீட்டில் பாட்டியோடு மட்டும் தமிழ் பேசுகிறதா, எழுத மறுத்தாலும் படத்தைக் காட்டிக் கேட்டால் சரளமாகப் பேசுகிறதா என்று எழுதினால் ஜனவரியில் அந்த ஆசிரியருக்கு இரண்டு மாத உழைப்பு மிச்சமாகும். வாய்மொழித் தேர்வு நடத்தும்போதே இவை எல்லாம் நம் காதில் விழுகின்றன. மதிப்பெண் தாளின் ஓரத்தில் அன்றே ஒரு வரி குறித்துக்கொண்டால், நவம்பரில் அவற்றை ஒன்றுசேர்ப்பது மட்டுமே வேலையாக இருக்கும்; சேர்த்து முடித்ததும் பெயர்கள் உள்ள அந்தத் தாள்களை மறுபயனீட்டுப் பெட்டியில் போடாமல், தாள் துண்டாக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.