அறிவியல் புனைவுத் தொடர்களில் மாற்றுத்திறனாளிகள்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1966-இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்க விண்வெளித் தொடரின் இரண்டு பகுதிக் கதை ஒன்றில், கேப்டன் கிறிஸ்டோபர் பைக் பெட்டி போன்றதொரு நாற்காலிக்குள் அமர்ந்திருக்கிறார். கதிர்வீச்சுக் கசிவிலிருந்து பயிற்சி மாணவர்களைக் காப்பாற்றப் போய் அவருடைய உடல் செயலிழந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாற்காலியின் முன்னால் உள்ள விளக்கு ஒருமுறை எரிந்தால் ‘ஆம்’ என்றும், இருமுறை எரிந்தால் ‘இல்லை’ என்றும் பொருள். முன்னாளில் அவருக்குக் கீழே பணிபுரிந்த ஸ்போக் வந்து, அவரை ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லப் போவதாகச் சொல்கிறார். விளக்கு இருமுறை எரிகிறது. மீண்டும் இருமுறை எரிகிறது. ஸ்போக் அதைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைத் தொடர்கிறார்.

ஸ்போக்கின் நோக்கம் நல்லது என்பதும், முடிவில் பைக்கிடமே கேட்கப்பட்டு அவர் ‘ஆம்’ என்று ஒப்புக்கொள்கிறார் என்பதும் உண்மைதான். ஆனாலும் இக்கதையின் பெரும்பகுதி ஒரு மனிதர் தெளிவாகச் சொன்ன மறுப்பின் மீது ஏறி நடந்துபோகிறது என்பதை அக்காட்சியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. மாற்றுத்திறனாளிப் பாத்திரங்களை எழுதுவோர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுவே என்று நினைக்கிறேன். அப்பாத்திரத்தின் உடலை எப்படிக் காட்டுகிறோம் என்பதில் எழுதுவோர் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, சுற்றி நிற்பவர்கள் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில் காட்டுவதில்லை. பெரும்பாலான தவறுகள் அந்தச் சுற்றி நிற்பவர்களை எழுதும்போதுதான் நேர்கின்றன.

பைக்கின் விளக்கில் இன்னொரு தவறும் அடங்கியிருக்கிறது. விண்மீன்களுக்கு இடையே பறக்கவும் வேற்றுக்கோள்வாசிகளின் மொழியை நொடியில் பெயர்க்கவும் தெரிந்த ஒரு நாகரிகம், தன் சொந்தக் கேப்டனுக்கு இரண்டே இரண்டு சொற்களைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. குறுகிய, நீண்ட சமிக்ஞைகளால் எழுத்துகளைக் குறிக்கும் மோர்ஸ் குறியீடு 19-ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதே விளக்கைக் கொண்டு பைக் முழு வாக்கியங்களே பேசியிருக்கலாம். அவர் பேசினால் கதை நின்றுவிடும் என்பதால் கதை அவரைப் பேசவிடவில்லை. இதற்கு நேர்மாறான காட்சி அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1993-இல் வந்தது. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் அதில் தம்முடைய பாத்திரத்தில் தாமே தோன்றி, ஐன்ஸ்டைன், நியூட்டன் ஆகியோரின் உருவங்களோடு அமர்ந்து சீட்டாடுகிறார். தமது செயற்கைக் குரலிலேயே கேலி பேசி ஆட்டத்தையும் வெல்கிறார். மேசையில் இருக்கும் யாரும் அவருடைய நாற்காலியைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. எதிர்காலத்தைக் கற்பனை செய்பவர்கள், தங்கள் காலத்தில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளையும் வழிகளையும் விடக் குறைவானவற்றை மாற்றுத்திறனாளிப் பாத்திரத்துக்குக் கொடுக்கிறோமா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பைக்கின் கதை எப்படி முடிகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மாயத் தோற்றங்களை உண்டாக்கும் ஒரு கோளில், இளமையும் உடல் வலிமையும் உள்ளவராகத் தம்மைக் காணும் வாழ்வு அவருக்குப் பரிசாகக் கிடைக்கிறது. குணமடைதலைத் தவிர வேறு நல்ல முடிவே இல்லை என்னும் இந்த எண்ணம், அறிவியல் புனைவில் மிக ஆழமாக வேரூன்றிய தவறு.

இதை நெருங்கிப் பார்க்க ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1992-இல் வந்த ‘எதிக்ஸ்’ என்னும் அத்தியாயம் பொருத்தமானது. கிளிங்கான் என்னும் வேற்றுக்கோள் போர்வீர இனத்தைச் சேர்ந்த அதிகாரி வொர்ஃபின் முதுகின் மேல் சரக்குப் பெட்டி விழுந்து தண்டுவடம் நொறுங்கிவிடுகிறது. இனி நடக்க முடியாது என்று தெரிந்ததும் தம் இனத்தின் மரபுப்படி உயிரை மாய்த்துக்கொள்ள முடிவுசெய்து, நண்பர் ரைக்கரை உதவிக்கு அழைக்கிறார். ரைக்கர் கோபப்படுகிறார், அவரை மறுத்துப் பேசுகிறார், ஆனால் அந்த வேண்டுகோளை அற்பமாக எண்ணி ஒதுக்கிவிடுவதில்லை. இதுவரை அத்தியாயம் நேர்மையாகவே நடக்கிறது. பிறகு மருத்துவர் பெவர்லி கிரஷர் ஒரு வழி சொல்கிறார்: தசைகளை இயக்கும் கருவிகளை உடலில் பொருத்தினால் ஏறத்தாழ 60 சதவீத இயக்கம் திரும்பக்கூடும். வொர்ஃப் அதை முயன்று பார்த்துவிட்டு, தள்ளாடும் நிலையில் பிறர் கண்ணில் படுவதை அவமானமாகக் கருதி மறுத்துவிடுகிறார்.

எழுதப்பட வேண்டிய கதை அந்த 60 சதவீதத்தில்தான் இருந்தது. காவல் பொறுப்பில் உள்ள அதிகாரி ஒருவர் தள்ளாடி நடந்தால் கப்பலில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? அவருடைய மகன் அதை எப்படி எடுத்துக்கொள்வான்? வீரம் என்று அவர் நம்பிவந்தது எதுவோ அது என்ன ஆகும்? இவற்றில் எதையும் அத்தியாயம் தொடுவதில்லை. ஆபத்தான சோதனை அறுவைச் சிகிச்சை ஒன்று நடக்கிறது. வொர்ஃப் இறந்துவிட்டதாக நினைத்த நேரத்தில் உயிர் திரும்புகிறது. தண்டுவடம் முழுமையாகச் சரியாகிவிடுகிறது. இதனால், இப்படி வாழ்வதைவிடச் சாவதே மேல் என்று அவர் சொன்ன சொல்லுக்குக் கதையில் யாரும் உண்மையான மறுமொழி தர நேரவில்லை. அதே நிலையில் வாழ்கிற ஒரு பார்வையாளர் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு வீட்டில் அமர்ந்திருக்கிறார்; அவருக்கு எந்தப் புதிய தண்டுவடமும் வரப்போவதில்லை.

குணப்படுத்தாமல் விட்டாலும், கருவியைக் கொடுத்துக் குறைபாட்டை மறந்துவிடுவது அடுத்த தவறு. 1970-களில் வந்த ‘தி சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்’ தொடரில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் ஒரு கண்ணையும் இழந்த விண்வெளி வீரர், செயற்கை உறுப்புகளால் மற்றவர்களைவிட வேகமானவராகவும் வலிமையானவராகவும் ஆகிவிடுகிறார். இழப்பு ஒரு நுழைவாயிலாக மட்டுமே பயன்பட்டு, பிறகு சாகசம் தொடங்கிவிடுகிறது. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ஜார்டி லா ஃபோர்ஜ் இதைவிடப் பன்மடங்கு மேலானவர். பிறவியிலேயே பார்வையற்ற அவர் கப்பலின் தலைமைப் பொறியாளராகப் பணிபுரிகிறார். தம்மைப் பற்றி வருந்துவதில்லை. மற்றவர்களும் அவரை அப்படிப் பார்ப்பதில்லை. தசைச் சிதைவு நோயோடு வாழ்ந்து 1975-இல் மறைந்த ஜார்ஜ் லா ஃபோர்ஜ் என்னும் ரசிகரின் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. 1987-இல் வந்த முதல் அத்தியாயத்திலேயே, தம் கண்களை மறைத்தபடி பார்வை தரும் ‘வைசர்’ கருவி வலி தருகிறது என்று அவர் மருத்துவரிடம் சொல்கிறார். வலியைக் குறைக்கும் வழிகள் கருவியின் செயல்பாட்டைப் பாதிக்கும் என்பதால் அவற்றை மறுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். எவ்வளவு செறிவான தருணம் அது! ஆனால் பின்வந்த ஆண்டுகளில் அந்த வலியைத் தொடர் அரிதாகவே நினைத்துப்பார்த்தது. அந்தப் பாத்திரத்தில் நடித்த லெவார் பர்ட்டனோ, அக்கருவியை அணிந்தபோது தம் பார்வை பெருமளவு மறைந்ததையும் தமக்குத் தலைவலி வந்ததையும் பலமுறை சொல்லியிருக்கிறார். கருவி என்றால் அதற்குப் பழுது உண்டு, எடை உண்டு, கழற்றிவைக்கும் இரவு உண்டு. அவற்றுக்கு ஓரிரு காட்சிகளையாவது ஒதுக்குவது பாத்திரத்தைச் சிறுமைப்படுத்தாது.

இங்கே நம் மொழி பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ‘மாற்றுத்திறனாளி’ என்பது மரியாதை கருதி வந்த சொல். அதை நானும் மனமாரப் பயன்படுத்துகிறேன். எனினும் அறிவியல் புனைவு எழுதும்போது அச்சொல்லில் உள்ள ‘மாற்றுத் திறன்’ என்பதை எழுத்துப்படி எடுத்துக்கொண்டு, பார்வையில்லாதவருக்கு எதிர்காலம் தெரிவதாகவும், நடக்க இயலாதவருக்கு மனத்தாலேயே பொருள்களை நகர்த்தும் ஆற்றல் இருப்பதாகவும் ஈடு கட்டத் தேவையில்லை. எந்த ஈடும் இல்லாமலேயே ஒருவர் கதையில் இடம்பெறும் தகுதி உடையவர்தான்.

சுற்றி நிற்பவர்களை எப்படி எழுதலாம் என்பதற்கு ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் 1989-இல் வந்த ‘லவுட் அஸ் எ விஸ்பர்’ என்னும் அத்தியாயம் நல்ல பாடம். காது கேளாத சமாதானத் தூதர் ரீவா, தம் எண்ணங்களைக் குரலாக்கும் மூன்று துணைவர்களோடு வருகிறார். அந்த மூவரும் அவர் கண்முன்னே கொல்லப்படுகிறார்கள். நிலைகுலைந்து நிற்கும் அவருடைய முகத்தைக் கேப்டன் பிக்கார்ட் இரு கைகளாலும் பற்றி, அவர் தனியாக இல்லை என்று உரக்கச் சொல்கிறார். கேட்காதவரிடம் உரக்கச் சொல்வது பயனற்றது என்று தெரிந்தும் பதற்றத்தில் மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பதால், அந்தப் பிழையே காட்சியை உயிருள்ளதாக்குகிறது. டேட்டா என்னும் இயந்திர மனிதர் சைகை மொழியைக் கற்றுக்கொண்டு வந்து பேச்சைத் தொடர வழிசெய்கிறார். இறுதியில் ரீவா, போரிடும் இரு தரப்புக்கும் சைகை மொழியைக் கற்பித்து, அதன் வழியே அவர்களை ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வைக்கத் தீர்மானிக்கிறார். இந்த முடிவு தானாக வந்துவிடவில்லை. முதலில் ரீவா குரலால் பேசக் கற்றுக்கொள்வதாகவே கதை எண்ணப்பட்டிருந்தது. அப்பாத்திரத்தில் நடித்தவரும் காது கேளாதவருமான ஹோவி சீகோ எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அது மாற்றப்பட்டது. அனுபவம் உள்ளவரை நடிக்க அழைத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேட்காமல் இருப்பதும் தவறுகளில் ஒன்று.

‘ஸ்டார் ட்ரெக்’ குடும்பத்தைச் சேர்ந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 1993-இல் வந்த மெலோராவின் கதையை உருவாக்கியவர்களில் ஒருவரான இவான் கார்லோஸ் சோமர்ஸ் சக்கர நாற்காலி பயன்படுத்தியவர். ஈர்ப்பு விசை குறைந்த கோளில் பிறந்த மெலோராவுக்கு விண்வெளி நிலையத்தின் ஈர்ப்பு அளவுக்கு மீறிய சுமை. தம்மைப் பற்றித் தாம் இல்லாத இடத்தில் மற்றவர்கள் பேசி முடிவெடுப்பதை அவர் பொறுத்துக்கொள்வதில்லை. தொடர் இதைச் சில இடங்களில் அவருடைய சிடுசிடுப்பாகவே காட்டி, மருத்துவர் பஷீரின் அன்பால் அவர் கனிவதாக நகர்த்துகிறது. அது எனக்கு ஏற்புடையதாக இல்லை, ஏனென்றால் அவருடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதே கதையில் அவருடைய அறைக்குள் பஷீர் செல்லும் காட்சி ஒன்று உண்டு. ஈர்ப்பு குறைக்கப்பட்டதும் மெலோரா காற்றில் எளிதாக மிதக்கிறார். பஷீர் தட்டுத் தடுமாறுகிறார். தடை இருந்தது உடலிலா, கட்டடத்திலா என்னும் கேள்விக்கு ஒரு வசனமும் இல்லாமல் அக்காட்சி விடை சொல்லிவிடுகிறது. நிலையான சிகிச்சை ஒன்று கிடைக்கும் வாய்ப்பு வந்தும், இறுதியில் மெலோரா அதை வேண்டாம் என்கிறார். பைக்கின் விளக்கைப் போலல்லாமல், அவருடைய மறுப்பு மதிக்கப்படுகிறது.

சிதைந்த உடலைத் தீமையின் அடையாளமாக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘டாக்டர் ஹூ’ என்னும் பிரிட்டிஷ் தொடரில் 1975 முதல் நகரும் நாற்காலியில் தோன்றிவந்த கொடியவன் டாவ்ரோஸ், 2023-இல் வந்த ஒரு குறும்படத்தில் நாற்காலி இல்லாமல் காட்டப்பட்டான். இந்தத் தொடர்பை விலக்கவே அப்படிச் செய்ததாகத் தொடரின் பொறுப்பாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் விளக்கினார். வில்லனிடமிருந்து நாற்காலியைப் பறித்ததைவிட, அதே மாதத்தில், நிஜ வாழ்விலும் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ரூத் மேட்லியை அறிவியல் ஆலோசகர் ஷெர்லியாக அறிமுகப்படுத்தியதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி எஞ்சும் தவறு, பாத்திரத்தை விரைந்து தேற்றிவிடும் அவசரம். அதைத் தவிர்த்த கதை ஒன்று உண்டு. 1998-இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் இளம் வீரர் நாக் போரில் ஒரு காலை இழக்கிறார். அடுத்த சில வாரங்களில் வந்த ‘இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்’ முழுவதும் அவரைப் பற்றியது. செயற்கைக் கால் சரியாகப் பொருந்தியிருக்கிறது, வலிக்கக் காரணமே இல்லை என்று மருத்துவம் சொல்கிறது. அவருக்கோ வலிக்கிறது, அவர் கைத்தடியோடு நொண்டுகிறார். நண்பர்கள் அளவுக்கு மீறி இதமாகப் பேசுகிறார்கள், பிறகு பொறுமை இழக்கிறார்கள். கதை அவரைக் குற்றம் சொல்லவும் இல்லை, விரைந்து தேற்றவும் இல்லை. கணினியால் மனிதர்களையும் இடங்களையும் தோற்றுவிக்கும் நிழலுருக் கூடத்தில், அங்கு உருவாக்கப்பட்ட பழைய காலத்துப் பாடகரோடு தங்கிக்கொள்ள விட்டுவிடுகிறது. கடைசியில், தாம் செத்துவிடுவோமோ என்று இப்போது பயமாக இருப்பதாக அவரே வாய்விட்டுச் சொல்லி அழும்வரை காத்திருக்கிறது. பணிக்குத் திரும்பும்போதும் அவர் முழுமையாகத் தேறிவிடவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.